தொரை தொடக்கி வைத்த எழுத்து

உங்கள் பிள்ளையின் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுத வைத்தது யாருடைய கை? ஐயரா, பள்ளி அதிபரா, வசதியுள்ள மாமாவா? அந்தக் கையைத் தேர்ந்தெடுத்தபோது, அதற்கு எழுதத் தெரியுமா என்று பார்த்தீர்களா? அல்லது அதற்குரியவரின் துணை உயிரோடு இருக்கிறாரா என்று பார்த்தீர்களா?

கோபப்பட வேண்டாம். இலங்கை மலையகத்தில், டிக்கோயாவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிசனில் நடந்ததைச் சொல்லிவிட்டு, அதே கேள்வியை மறுபடி கேட்கிறேன். அப்போது பதில் சொன்னால் போதும்.

அந்த டிவிசனில் பிறந்தவள் பூரணி. டிக்கோயா வரை நடந்து போய்ப் படித்தாள். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் மட்டும் கைவிட்டது. அடுத்த மாதமே பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போனாள். அவள் குடியிருந்த லய வீட்டு வரிசையில் கடைசி அறையான காம்பராவில் இருந்த அழகனைக் கட்டிக்கொண்டாள். கவ்வாத்து வெட்டும் வேலை அவனுக்கு. தேயிலைச் செடியை அடிக்கிளை வரை தறித்து விடும் அந்த வேலையில் ஆண்கள்தான் நிற்பார்கள். 1996ஆம் ஆண்டு ஒரு பகலில் கத்தி குளவிக்கூட்டில் பட்டுவிட்டது. தோட்டத்து லொறி கொழுந்து ஏற்றப் போயிருந்தது. கொழுந்தை இறக்கிவிட்டு லொறி வந்து சேர்ந்தபோது அழகனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய தேவை இருக்கவில்லை.

இதைத் தலைவிதி என்று சொன்னார்கள். லொறி எங்கே இருந்தது என்பதை விதியா முடிவு செய்தது? இது அந்தக் கதை இல்லை, ஆகவே விடுகிறேன்.

மலையில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் பெண்கள் தேயிலை நிரையில் இறங்கியதும் ஒருத்தி முதல் கொழுந்தைக் கிள்ளி, "பொலி, பொலி" என்று சொல்லிக் கூடையில் போடுவாள். பிறகுதான் மற்றவர்கள் செடியில் கை வைப்பார்கள். அன்றைக்குக் கூடை நிறையும் என்பது நம்பிக்கை. அந்தக் கும்பலில் பொலி போடுகிறவள் பூரணி. கையும் சுறுசுறுப்பு, குரலும் எடுப்பு.

கருமாதி முடிந்து அவள் திரும்ப வேலைக்கு வந்த காலையில், வேலையை மேற்பார்க்கும் கங்காணி சின்னத்தம்பி அவளருகே வந்து நின்றார்.

"தங்கச்சி, நீ செத்த ஓரமா நில்லு. வேற யாராச்சும் பொலி போடட்டும்."

"ஏன் அண்ணே, என் கைக்கு என்ன?"

"கைக்கு ஒண்ணுமில்ல புள்ள. ஒனக்கே தெரியும். என் வாயால சொல்ல வைக்காத."

அவள் ஓரமாக நின்றாள். வேறொருத்தி பொலி போட்டாள். அதன்பின் பூரணி நிரையில் இறங்கி மாலை வரை எடுத்தாள். அதை யாரும் தடுக்கவில்லை. தராசும் அவளுடைய கொழுந்தை வேறாக நிறுக்கவில்லை. முதல் கிள்ளுதான் அபசகுனமாம். அதற்குப் பிறகு அவள் கிள்ளியதெல்லாம் தோட்டத்துக்கு வருமானமாம். இப்படி ஒரு கெட்டிக்கார அபசகுனத்தை வேறெங்கும் பார்த்ததில்லை. தோட்டத்துக்கு நட்டம் வராத இடத்தோடு அது சரியாக நின்றுகொள்கிறது.

ஆறு வருடம் இப்படிப் போனது.

2002இல் ஒரு தொண்டு நிறுவனம் தோட்டங்களுக்கு முன்பள்ளி ஆசிரியைகளைத் தேடியது. தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் பழனியாண்டியிடம் படித்த பெண் யாராவது உண்டா என்று கேட்டார்கள். டிவிசனில் சாதாரண தரம் வரை போன, வீட்டில் கைக்குழந்தை இல்லாத ஒரே பெண் பூரணிதான். பழனியாண்டி அவளுடைய பெயரையே கொடுத்தார். இதை அவருக்குப் பெருமையாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் சொல்லப் போவது அப்படிப்பட்டதல்ல.

சனிக்கிழமைகளில் ஹட்டனில் பயிற்சி. அதில் ஒரு பாடம் ஆங்கிலம். கற்பித்தவர் குணபூசணி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஹட்டனில் ஒரு பள்ளியில் படிப்பிக்கிறவர். ஒரு நாள் கரும்பலகையின் நடுவில் ஒரே ஒரு சொல்லை எழுதிவிட்டுத் திரும்பினார்.

"ஸ்டார்ட் எண்டால் என்ன? ஆருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும் டீச்சர்," என்றாள் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்திலிருந்து வருகிற சிவதர்சினி. "எங்க தோட்டத்து லொறி காலையில அதைத்தான் பண்ண மாட்டேங்குது."

சிரிப்பு அடங்கியதும் குணபூசணி அந்தச் சொல்லைச் சுற்றி வேறு சொற்களை எழுதினார். எல்லாம் தொடக்கத்தைச் சொல்கிற சொற்கள்தான், ஆனால் எல்லாவற்றையும் எல்லா இடத்திலும் போடேலாது என்றார். ஸ்டார்ட் என்பது நின்றது அசைவதற்கு: லொறிக்கு, ஓட்டப் போட்டிக்கு, சண்டைக்கு. உடம்பு தூக்கிவாரிப் போடுவதற்கும் அதுவே. பிகின் என்பதும் அதே பொருள்தான், கொஞ்சம் நிதானமானது: பாடம், கதை, மழைக்காலம். கொமென்ஸ் கோட்டு மாட்டிய சொல், அரசாங்கக் கந்தோர்க் கடிதங்களில் வரும். வீட்டில் "சாப்பிடக் கொமென்ஸ் பண்ணுவம்" என்றால் பக்கத்து வீடும் சிரிக்கும். கடையையும் வங்கிக் கணக்கையும் தொடங்குவது ஓப்பன். ஆறு ஊற்றெடுப்பதும் வதந்தி கிளம்புவதும் ஒரிஜினேட். கப்பலைத் தண்ணீரில் இறக்குவது லோன்ச்.

"எங்க டேம்ல போட்டைத் தள்ளிவிடுறாங்களே, அது?" சிவதர்சினி கேட்டாள்.

"அதுவும் லோன்ச்தான். போட்டில ஓட்டை இல்லாட்டில்."

கடைசியாக இனோகரேட். நாடா வெட்டுவது, விளக்கேற்றுவது, கல்லில் பெயர் பொறிப்பது.

"அப்ப அது தொரைமாருக்கு," என்றாள் வலப்பனைக்காரி ஒருத்தி.

"மந்திரிமாருக்கும்," என்றாள் இன்னொருத்தி.

இவற்றில் சிலதுக்கு முன்னால் 'ரீ' என்று போட்டால் மறுபடியும் தொடங்குவது என்று பொருள் வரும் என்றார் குணபூசணி. மூடிய தொழிற்சாலையைத் திரும்பத் திறந்தால் ரீஓப்பன். நின்ற இயந்திரத்தைத் திரும்ப ஓட விட்டால் ரீஸ்டார்ட். விளங்குதோ என்று கேட்டார். பூரணி எழுந்தாள்.

"டீச்சர், இதுல தாலி இருக்கிறவங்க மட்டும் பாவிக்கிற சொல்லு எது?"

யாரோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்கள். குணபூசணி வெண்கட்டியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"அப்பிடி ஒரு சொல்லும் இல்லை, பூரணி."

"நல்லாத் தேடிப் பாத்தீங்களா?"

"நல்லாத் தேடினனான். தொடங்கிறதுக்கு ஒரு ஆள் வேணும். அவ்வளவுதான். அந்த ஆளுக்குக் கலியாணம் ஆச்சுதோ, புருசன் இருக்கிறாரோ எண்டு ஒரு அகராதியும் கேக்கேல்லை."

"அது சரி டீச்சர். எங்க கங்காணி அகராதி பாக்கிறதில்ல."

இந்த முறை குணபூசணியும் சேர்ந்து சிரித்தார்.

ஆங்கிலம் நியாயமான மொழி என்று சொல்ல வரவில்லை. அதைப் பேசியவர்கள்தான் இந்தத் தோட்டத்து மக்களைக் கப்பலில் ஏற்றி, காட்டுவழியே நடத்தி, ஒற்றைக் காம்பராவுக்குள் அடைத்தவர்கள். தமிழுக்கும் தொடக்கத்துக்குச் சொல் பஞ்சமில்லை. தொடங்கு, ஆரம்பி, புறப்படு, திற, கால்கோள், முதல், அரங்கேற்றம். இவற்றில் எந்தச் சொல்லும் ஒரு பெண்ணைப் பார்த்து ஓரமாக நில் என்று சொல்லவில்லை. சொன்னது நாம்.

பயிற்சி முடிந்தது. கீழ் டிவிசனில் பழைய பிள்ளைக் காம்பராவை வெள்ளையடித்துக் கொடுத்தார்கள். தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போன இடம் அது. நிறுவனம் பாய்களும் படங்களும் தந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தது. வருட முடிவுக்குள் பிள்ளைகள் போதுமான அளவு சேர வேண்டும். சேராவிட்டால் பள்ளி மேல் டிவிசனுக்குப் போய்விடும். பூரணி மறுபடி கூடையைத் தலையில் மாட்ட வேண்டும்.

முதல் மாதம் வந்த பிள்ளைகளை ஒரு பாயில் உட்கார வைக்கலாம். மற்றத் தாய்மார் வாசலில் நின்று படங்களைப் பார்த்தார்கள், நல்லாருக்கு என்றார்கள், பிள்ளையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்து லயத்து லெட்சுமிதான் வாய் விட்டுச் சொன்னாள். அவளுக்கு நிலக்ஷி என்று நாலு வயது மகள்.

"மூஞ்சிக்கு நேரே சொல்றேன்னு கோவிச்சுக்காத புள்ள. ஏடு தொடக்காத பிள்ளைய மொதமொதல்ல ஒங்கிட்ட அனுப்பினா நல்லா இருக்குமான்னு எங்க வீட்டுல கேக்கிறாரு."

"நீ என்ன சொன்ன அக்கா?"

"நான் என்னத்தச் சொல்றது. எனக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது."

விசயம் பழனியாண்டியின் காதுக்குப் போனது. அவர் வழி கண்டுபிடித்தார். விஜயதசமி வருகிறது, கோயிலில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாக ஏடு தொடக்கிவிடுவோம், பிறகு யாரும் தயங்க மாட்டார்கள். பச்சரிசி பரப்பிய தட்டில் பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுதவைக்கும் சடங்கு இது. நல்ல யோசனை. யார் கையால் என்பதுதான் கேள்வி. ஹட்டன் ஐயருக்கு அன்றைக்குப் பல கோயில், இங்கே வர நேரமில்லை. பழனியாண்டி கோயில் கமிட்டியைக் கூட்டினார், பூரணியையும் கூப்பிட்டார்.

"பெரிய தொரையையே கூப்பிட்டிருவோம்," என்றார். "கோயில் கோபுரத்துக்கு அவருதான் கல்லு வச்சாரு. தண்ணித் தொட்டிய அவருதான் தொறந்தாரு. ராசியான கை."

"தண்ணித் தொட்டியில தண்ணி வரலையே அண்ணே," என்றாள் பூரணி.

"தொறந்தன்னிக்கு வந்துச்சில்ல."

"சரி. தொரைக்குத் தமிழ் எழுதத் தெரியாதே."

"முழு புத்தகமா எழுதப் போறாரு? ஒரு எழுத்து. கிளாக்கர் சுதாகரன் கடுதாசியில எழுதிக் காட்டுவாரு, பாத்துப் போடட்டும்."

"எனக்கு அந்த ஒரு எழுத்தும் தெரியும், மிச்ச எழுத்தும் தெரியும்."

பழனியாண்டி குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, படிச்சுக் குடுக்கப் போறது நீதான். வருசம் பூரா ஒன் கையிலதான் பிள்ளைக இருக்கப் போகுது. தொடக்கி வைக்கிறதை மட்டும் விட்டுக் குடு. பள்ளிக்கூடம் தங்கணுமா வேணாமா?"

பூரணி விட்டுக்கொடுத்தாள். பள்ளிக்கூடம் தங்க வேண்டும். அரிசி புடைத்து, தட்டு துலக்கி, பிள்ளைகளுக்குப் பொட்டிட்டு வரிசைப்படுத்தியதும் அவள்தான். சடங்கு தொடங்கியதும் கோயில் மடப்பள்ளிக்குள் போய் நிற்கச் சொன்னார்கள். அங்கே ஒரு சன்னல் இருந்தது.

தோட்ட நிர்வாகியான துரை ஜீப்பில் வந்தார். சிங்களவர், முப்பது வயதுக்காரர், கெட்டவரல்ல. என்ன செய்ய வேண்டும் என்று சுதாகரனிடம் சிங்களத்தில் கேட்டார். விளக்கியதும், இதற்கு ஆசிரியை அல்லவா பொருத்தம், அவர் எங்கே என்றார். அவங்க உள்ளே வேலையாக இருக்காங்க சேர் என்றார் பழனியாண்டி. சரி என்று துரை கடுதாசியைக் கையில் வாங்கினார்.

ஏடு தொடக்குகிறவர் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வார். அப்போதுதான் இருவருக்கும் தட்டு ஒரே பக்கமாக இருக்கும். துரைக்குப் பலகை நாற்காலி போட்டு, எதிரே சின்ன மேசையில் தட்டு வைத்து, மேசைக்கு அப்பால் பிள்ளைகளை நிறுத்தினார்கள். துரையின் மடியில் தோட்டத்துப் பிள்ளையை உட்கார வைக்க யாருக்கு மனம் வரும்? அவர் எட்டிப் பிள்ளையின் விரலைப் பிடித்தார். கடுதாசியைப் பார்த்தார். தன் பக்கமாகக் கவனமாக 'அ' எழுதினார். பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது தலைகீழாக நின்றது. மேளம் அடித்தது. அரிசியைக் கலைத்துப் பரப்பினார்கள், அடுத்த பிள்ளை வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படியே. சுதாகரன் கவனித்திருப்பார். ஆனால் துரை எழுதும்போது கிளாக்கர் திருத்துவதா?

திங்கட்கிழமை பள்ளியில் பாய்கள் போதவில்லை.

பழனியாண்டி வாசலில் நின்று எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார். அவருடைய வழி வென்றுவிட்டது. அந்த வாரம் முடிவதற்குள் லெட்சுமி மலையிலிருந்து நேரே கூடையோடு வந்து நின்றாள். வாசலில் நின்ற மகளின் கையிலிருந்து சிலேட்டை வாங்கிக்கொண்டாள்.

"பூரணி, என்ன புள்ள சொல்லிக் குடுக்கிற?"

"ஏன் அக்கா?"

"தொரை ஒரு மாதிரி எழுதினாரு. நான் பக்கத்துலதான் நின்னேன், கண்ணால பாத்தேன். வீட்டுல அதே மாதிரி அரிசியில போட்டுப் போட்டுப் பழக்கினேன். நீ இங்க வேற மாதிரி போடச் சொல்றியாம். பிள்ள அழுவுது."

"எப்படிப் பழக்கின? போட்டுக் காட்டு."

லெட்சுமி வாழ்க்கையில் எழுதிய முதல் எழுத்து அது. சிலேட்டில் மெதுவாகப் போட்டாள். கோடும் சுழியும் சரியாக வந்தன. முழுவதும் தலைகீழ்.

"தொரை போட்டதுதான் சரி," என்றாள். "அவரு படிச்சவரு. நீ கணக்குல பெயிலாமே."

பூரணி சிரிக்கவில்லை. உள்ளே போய்த் தட்டில் அரிசி பரப்பிக் கொண்டுவந்து பாயில் வைத்தாள். லெட்சுமி போட்ட மாதிரியே அதில் எழுதினாள்.

"தொரை எந்தப் பக்கம் இருந்தாரு அக்கா?"

"அந்தப் பக்கம், நாக்காலியில."

"அங்க போய் உக்காந்து பாரு."

லெட்சுமி கூடையை இறக்கிவிட்டுத் தட்டைச் சுற்றிப் போய் உட்கார்ந்தாள். அரிசியைப் பார்த்தாள். சுவரில் தொங்கிய எழுத்துப் படத்தைப் பார்த்தாள். மறுபடி அரிசியைப் பார்த்தாள்.

"அப்ப அவரு நம்ம பிள்ளைக்கு எழுதல," என்றாள். "தனக்கு எழுதிக்கிட்டாரு."

"அவரு மேல தப்பில்ல. அவரை அங்க உக்கார வச்சது யாரு?"

"நாங்கதான்." லெட்சுமி தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். "நீ அன்னிக்கு எங்க இருந்த?"

"மடப்பள்ளியில."

"பாத்துக்கிட்டா இருந்த?"

"சன்னல் இருந்துச்சு."

"வாயத் தொறந்து சொல்லக் கூடாது?"

"சொல்லியிருந்தா இந்தப் பாயில இத்தனை பிள்ளை உக்காந்திருக்குமா?"

லெட்சுமி அரிசியைக் கையால் அழித்தாள். மகளைக் கூப்பிட்டாள். பிறகு கேட்டாள்: "ஏடு ஒரு தடவை தொடக்கியாச்சுன்னா அவ்வளவுதானா? திரும்பத் தொடக்கலாமா?"

"முன்னால ரீ போட்டுக்கிட்டாத் தொடக்கலாம்."

"அது என்ன கருமமோ. இந்தா, இவளை மடியில வச்சுக்க."

"ஒங்க வீட்டுல கேக்க மாட்டாரா அக்கா?"

"கேப்பாரு. தட்டை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டுறேன். அவருக்கும் எழுதத் தெரியாது."

பூரணி பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து நிலக்ஷியை மடியில் வைத்துக்கொண்டாள். அவளுடைய விரலைப் பிடித்து, இருவருக்கும் நேராக, 'அ' எழுதினாள். மேளம் இல்லை. ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துப் பக்கம் யாரோ கொழுந்து நிறுவைக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். அழகன் போன பிறகு அவள் கையால் தொடங்கி வைத்த முதல் காரியம் அது.

நிலக்ஷிக்கு அன்றைக்குக் காய்ச்சல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. டிவிசன் முழுவதும் காய்ச்சலைத்தான் எதிர்பார்த்திருந்தது. ஒரு தும்மலாவது கிடைக்குமா என்று பார்த்தவர்களும் உண்டு.

வருட முடிவில் நிறுவனத்தார் வந்து பார்த்துவிட்டுப் பள்ளி இங்கேயே இருக்கட்டும் என்றார்கள். அடுத்த விஜயதசமிக்குப் பழனியாண்டி மறுபடி துரையைக் கூப்பிட்டார். பூரணியை மறுபடி மடப்பள்ளிக்குள் போகச் சொன்னார்.

"வரல அண்ணே," என்றாள். "நான் பள்ளிக்கூடத்துல தட்டோட உக்காந்திருப்பேன். வர்றவங்க வரட்டும்."

கோயிலுக்குத்தான் அதிகம் பேர் போனார்கள். பொய் சொல்வானேன், பள்ளிக்கு வந்தது பாதிக்கும் குறைவு. முதலாவதாக வந்தது லெட்சுமியின் தங்கை மகன். அதற்கடுத்த வருடம் இன்னும் கொஞ்சம் பேர். கங்காணி சின்னத்தம்பி தன் பேரனைக் கூட்டிக்கொண்டு கடைசியில் வந்தார். வாசலில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு, "கோயில்ல கூட்டமா இருக்கு," என்றார். பூரணி நகர்ந்து இடம் விட்டாள். மலையில் பொலி போடும் வழக்கம் மட்டும் அவர் காலத்தில் மாறவில்லை. கணவனை இழந்த பெண்கள் இப்போதும் ஓரமாக நிற்கிறார்கள், பிறகு எல்லோரையும் போல மாலை வரை எடுக்கிறார்கள்.

நிலக்ஷி டிக்கோயாவுக்குப் படிக்கப் போகிறாள். அவளுடைய தாய் இரண்டு பக்கமிருந்தும் 'அ' எழுதுவாள். கேட்டால் எழுதிக் காட்டுவாள், ஒரு பக்கம் நமக்கு, ஒரு பக்கம் தொரைக்கு என்பாள்.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். பதில் எனக்கு வேண்டாம். உங்கள் ஊரிலும் ஒரு பூரணி இருக்கிறாள். பள்ளியில் படிப்பிப்பாள், அல்லது தையல் சொல்லிக்கொடுப்பாள், அல்லது எழுதத் தெரிந்தும் சும்மா இருப்பாள். நல்ல காரியங்களின்போது எந்தச் சன்னலுக்குப் பின்னால் நிற்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். வருகிற விஜயதசமிக்கு உங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே அவளுடைய வீட்டுக்குப் போங்கள். அரிசித் தட்டை அவள் முன்னால் வையுங்கள். பிள்ளையை அவள் மடியில் உட்கார வையுங்கள்.